விதி மாறட்டும், சொல்லிவிட்டு மாறட்டும்

மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களும்தான் என்னிடம் வருகிறவர்கள். பெரும்பாலும் திருச்சியில் ஏறித் திருச்சியில் இறங்குவார்கள். 2020 முதல் 2023 வரை நான் டிக்கெட் போட்டது கொஞ்சம். அவர்களுக்காகப் படிவம் நிரப்பியதும், இன்றைக்கு என்ன விதி என்று தேடிப் படித்துச் சொன்னதும்தான் அதிகம்.

கொரோனா அடங்கிவிட்ட பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். அடுத்த நோய் வந்துவிட்டால் உங்களுக்கும் படிக்க நேரம் இருக்காது, எனக்கும் எழுத நேரம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பரிசோதனையே கூடாது, கட்டுப்பாடே கூடாது என்று கேட்கவில்லை. இரண்டாம் அலையில் எங்கள் தெருவிலேயே ஆட்களைப் பறிகொடுத்தோம். நோய் மாறினால் விதியும் மாறத்தான் வேண்டும். ஆனால் விதியை எப்படி மாற்றுவது என்பதற்கு ஒரு விதி இல்லாமல் போனதால் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

2021 மார்ச். ராத்திரி பதினொரு மணிக்குச் சிங்கப்பூரில் இருந்து போன். கட்டட வேலைக்குப் போயிருந்த அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி. "அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே. நாளைக்கு ஏதாவது ஃப்ளைட் இருக்கா?" என்று கேட்டார். அப்போது வழக்கமான விமானங்கள் கிடையாது, சிறப்பு விமானங்கள்தான். மறுநாள் ஒன்றில் இடமும் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். அந்த ஆண்டு பிப்ரவரி 22 முதல், வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லோரும் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் (கொரோனாவுக்கான சளிப் பரிசோதனை) நெகட்டிவ் சான்றை, வெளிநாட்டுப் பயணிகள் பதிவுக்கென்று அரசு வைத்திருந்த 'ஏர் சுவிதா' தளத்தில் ஏற்ற வேண்டும். குடும்பத்தில் சாவு என்றால் சான்று இல்லாமலும் வரலாம் என்று விலக்கு கொடுத்திருந்தீர்கள். அதைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. அடுத்த வரியைப் படித்தேன். அந்த விலக்கு வேண்டுமென்றால், விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம்.

நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். தப்பில்லை, அப்படித்தான் இருந்தது. எந்தச் சாவு மூன்று நாள் முன்னால் சொல்லிவிட்டு வருகிறது?

விலக்குக்குக் காத்திருப்பதைவிடப் பரிசோதனையே சீக்கிரம் முடியும் என்று அவர் விடிந்ததும் போய்ச் சளி மாதிரி கொடுத்தார். முடிவு கைக்கு வருவதற்குள் அன்றைய விமானம் போய்விட்டது. அடுத்தது இரண்டு நாள் கழித்து. ஊரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். வெயில் காலம், கரண்டும் விட்டு விட்டு வந்தது. இனிமேல் தாங்காது என்று பெரியவர்கள் முடிவு செய்து, பங்காளி வீட்டுப் பையனைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். மயானத்தில் யாரோ ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்க, மகன் வீடியோவில் பார்த்தார். காரியத்துக்குத்தான் அவரால் வந்து சேர முடிந்தது. அன்றைக்கு என் கடைக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. டிக்கெட் மாற்றியதற்கு எவ்வளவு என்று கேட்டு, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வரியை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். மற்ற படிவங்களுக்கெல்லாம் 72 மணி என்று இருந்ததால் இதற்கும் அதே எண் வந்து உட்கார்ந்திருக்கும். துக்க வீட்டுக்காரர் ஒருவர் அதை ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே அழிந்திருக்கும்.

அடுத்தது பெயர். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் 'மு. கருப்பையா' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் சேர்த்து 'கருப்பையா முத்து' ஆகிவிடுவார். தடுப்பூசிச் சான்று ஆதார்ப்படி வரும். பரிசோதனைக் கூடத்தில் ரிசப்ஷனில் இருக்கிற பெண் காதில் விழுந்தபடி அடிப்பார். மூன்று தாளில் மூன்று பெயர். கவுண்டரில் இருப்பவர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது வேறு ஆள் என்று ஓரமாக நிற்க வைப்பார். அரசின் கோவின் தளம் கொடுத்த தடுப்பூசிச் சான்றில் முதலில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருந்தது. முழுப் பிறந்த தேதியோடு வெளிநாட்டுப் பயணத்துக்கென்று தனிச் சான்று 2021 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பே, ஜூனில், பாஸ்போர்ட் எண்ணைச் சான்றோடு சேர்க்கும் வசதியைக் கொடுத்தீர்கள். அது நல்ல வேலை, பலரைக் காப்பாற்றியது. அதையே பரிசோதனைத் தாளுக்கும் அடிப்படையாக வைத்திருக்கலாம். எண் ஒத்துப்போனால் ஆள் ஒத்துப்போனார், இனிஷியல் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன?

துபாய் போகிறவர்கள் பாடு தனி. 2021 ஆகஸ்டில் அந்த நாடு 48 மணி நேர ஆர்டிபிசிஆர் சான்றோடு, விமானம் கிளம்புவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் என்ற உடனடிப் பரிசோதனையும் கேட்டது. அது அவர்கள் விதி, உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலில் இங்கே பல விமான நிலையங்களில் அந்த வசதியே இல்லை. வந்த பிறகும் ஒரு ஊரில் ஒரு கட்டணம், இன்னொரு ஊரில் வேறு கட்டணம். அதை ஒழுங்குபடுத்துவது உங்கள் கையில்தான் இருந்தது.

இனி தேதிக் கணக்கு. 2021 நவம்பர் 29 அன்று சிங்கப்பூர், இந்தியாவில் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத பயணப் பாதையைத் திறந்தது. எங்கள் ஊரே மகிழ்ந்தது. இரண்டே நாளில், டிசம்பர் 1 முதல், ஒமிக்ரானுக்காக நீங்கள் போட்ட அபாயப் பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. அங்கிருந்து வந்தால் விமான நிலையத்தில் பரிசோதனை, முடிவு வரும்வரை வெளியே விட மாட்டார்கள், அப்புறம் ஏழு நாள் வீட்டில் தனிமை. சில நாள்களிலேயே சிங்கப்பூரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டீர்கள். 2022 ஜனவரி 11 முதல், எந்த நாட்டில் இருந்து வந்தாலும் ஏழு நாள் தனிமை, எட்டாம் நாள் பரிசோதனை. பிப்ரவரி 14 முதல் அபாயப் பட்டியலே இல்லை. இரண்டரை மாதத்தில் இத்தனை! பத்து நாள் லீவில் வருகிற தொழிலாளிக்கு ஏழு நாள் தனிமை என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள்.

பிப்ரவரி மாற்றத்தை நீங்கள் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. 10ஆம் தேதியே அறிவித்து, 14ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். எந்த நாட்டுத் தடுப்பூசிச் சான்று செல்லும் என்று 82 நாடுகளின் பட்டியலும் கூடவே இருந்தது. அன்றைக்கு என் கடையில் யாரும் பதறவில்லை.

அதே நீங்கள்தான் 2022 நவம்பர் 22 முதல் ஏர் சுவிதாவை நிறுத்திவிட்டு, 2023 ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து பயணிகளுக்கு மறுபடியும் கொண்டுவந்தீர்கள். அந்த ஊர்கள் வழியாக விமானம் மாறி வருகிறவர்களுக்கும் பரிசோதனை உண்டு என்ற விளக்கம், விதி அமலுக்கு வந்த மறுநாள்தான் வந்தது. மெல்போர்னில் இருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு வர இருந்த ஒரு குடும்பம், பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருந்தவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சர்வதேச சுகாதார ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாடு பயணிகளை உள்ளே விட மறுத்தாலோ, 24 மணி நேரத்துக்கு மேல் தாமதப்படுத்தினாலோ, அதை 48 மணி நேரத்துக்குள் காரணத்தோடு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 43ஆம் பிரிவு. ஜெனீவாவில் இருக்கிற அந்த நிறுவனத்துக்குச் சொல்ல ஒரு கெடு இருக்கிறது. அறந்தாங்கிக்காரருக்குச் சொல்லவும் ஒரு கெடு வையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு அந்த ஒழுக்கம் இருக்கிறது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கி வருவார்கள். போட்ட பத்தாம் நாளில் இருந்து செல்லும், 2016இல் இருந்து ஆயுளுக்கும் செல்லும். உலகத்துக்கே ஒரே அட்டை. அதைப் பற்றி என்னிடம் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

புது நோய்க்கு அவ்வளவு நிதானம் முடியாது, சரி. இவ்வளவாவது முடியும்: புது விதி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு விமானம் ஏறுகிறவர்களுக்குப் பொருந்தும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அவசரத்தில் அவகாசம் கொடுக்க முடியாவிட்டால், ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களை அங்கே திருப்பி அனுப்பாமல், இங்கே இறங்கியதும் அரசுச் செலவில் சோதியுங்கள். 72 மணியோ 48 மணியோ, மாதிரி கொடுத்த நேரத்தில் இருந்தா, முடிவு வந்த நேரத்தில் இருந்தா என்று சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், திருச்சியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்காவது அது புரியும். சாவுக்கு வருகிறவரிடம் முன்கூட்டியே விண்ணப்பம் கேட்காதீர்கள், வந்திறங்கியபின் இறப்புத் தகவலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வருடமும் நான் அச்செடுத்து ஒட்டிய விதித் தாள்கள், ஓரத்தில் பேனாவால் நான் குறித்த தேதிகளோடு, கடையில் ஒரு ஃபைலில் இருக்கின்றன. புது நடைமுறை எழுத உட்காரும் அதிகாரிக்கு உதவும் என்றால் கேளுங்கள், நானே டெல்லிக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
புதுக்கோட்டையில் இருந்து ஒரு டிக்கெட் கடைக்காரர்