பழைய பயண வழிகாட்டிகளைச் சேர்க்கும் நண்பனுக்கு

கரோல் பாக், புது தில்லி

அன்புள்ள நண்பா,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சிக்கனப் பயணிகளுக்கான பழைய வழிகாட்டிகளை எங்கிருந்து சேர்க்கத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய்.

ஆர்தர் ஃப்ரோமரிலிருந்து தொடங்கு. ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், 1955-இல் சக சிப்பாய்களுக்காக ஒரு கையேடு போட்டார். அதன் தொடர்ச்சியாக 1957-இல் வந்தது 'நாளுக்கு 5 டாலரில் ஐரோப்பா'. அந்த 5 டாலர் அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். ரயில் கட்டணம் தனி. தலைப்பிலேயே விலை இருந்ததால், விலைவாசி ஏற ஏறத் தலைப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவிலிருந்து ஆசியா வழியாக இந்தியாவுக்கு வரும் தரைவழிக்கு, 1970-களின் தொடக்கத்தில் லண்டனின் 'பிட்' தகவல் மையம் பயணிகளின் கடிதங்களைத் தொகுத்து விற்றது. 1973-இல் டோனி, மொரீன் வீலர் தம்பதி சிட்னியில் நூறு பக்கங்களுக்கும் குறைவான புத்தகம் ஒன்றைத் தாங்களே போட்டார்கள்; அவர்களுடைய லோன்லி பிளானட் பதிப்பகத்தின் முதல் நூல் அதுதான். 1979-இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் அந்தத் தரைவழியை அடைத்துவிட்டன. 1981-இல் வந்த லோன்லி பிளானட்டின் இந்திய வழிகாட்டியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பல நாடுகளை மேலோட்டமாகத் தொட்டுப் போகாமல், இந்தியா முழுவதையும் ஊர் ஊராக, தங்குமிடம், ரயில், வரைபடம் என்று விரித்துச் சொன்னது.

இவற்றில் முதலில் கெடுவது விலை. தகவல் திரட்டி அச்சாகிக் கடைக்கு வருவதற்குள்ளேயே வாடகை ஏறிவிடும். பெயர் அச்சேறிய லாட்ஜில் கூட்டம் சேர்ந்து வாடகை இன்னும் ஏறும். பக்கத்திலேயே அதே மாதிரிப் பெயரில் இன்னொன்று முளைக்கும். மலிவு லாட்ஜுகள் நிறைந்த தில்லி பஹார்கஞ்சில் இது நன்றாகவே நடந்தது. ஆகவே விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் விகிதமாகப் படி: அந்த ஆண்டு ஒரு சாப்பாட்டின் விலைக்கு அறை வாடகை எத்தனை மடங்கு என்று பார்.

தில்லியின் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-இல் மகிளா ஹாட் என்ற சந்தை வளாகத்துக்கு மாறிவிட்டது. அங்கே வாங்கும்போது அட்டையை நம்பாதே, பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பார். வரைபடத்தின் சிறு எழுத்து மங்கி, தாள் மெலிந்திருந்தால் திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். சுமை குறைக்க மாநில அத்தியாயங்களைக் கிழித்தெடுத்துப் போவோர் உண்டு. பக்க எண்கள் தொடர்கின்றனவா என்று கடைசிவரை புரட்டு. ஓரத்தில் பேனாவால் விலை திருத்தியிருக்கும் பிரதியை ஒதுக்காதே. அச்சான பிறகு யாரோ உண்மையில் கொடுத்த வாடகை அது.

1981 பதிப்பு கண்ணில் பட்டால் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்