நடைவண்டியில் பூந்தொட்டி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய சாமான்களை வைத்து வீட்டை அலங்கரிப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ஒரு படத்தில் நடைவண்டியின் மேல் மணி பிளான்ட் தொட்டி உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்றில் தேக்குத் தொட்டிலுக்குள் வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் எப்படியோ வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கூடத்திலேயே ஒரு வயசுக் குழந்தை ஒன்று தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறதே! அதற்காகச் செய்த சாமானை அதன் கையில் கொடுக்க வேண்டாமா?

எங்கள் வீட்டு நடைவண்டி 1989-ல் என் மகளுக்கு என் தம்பி மாமன் சீராகக் கொண்டுவந்தது. மூன்று சக்கரம், நின்று பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். மகள் நடந்து பழகியதும் பரணுக்குப் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தபோது தம்பியை வரச் சொல்லி இறக்கினோம். "மரம் நல்லாத்தான் இருக்குக்கா, ஒரு சக்கரம்தான் செல்லரிச்சுப் போச்சு" என்று தூக்கிக்கொண்டு போனான், தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து மறுநாளே புதுச் சக்கரம் மாட்டிக் கொண்டுவந்துவிட்டான்.

அதற்குள் வீட்டில் பிளாஸ்டிக் வாக்கர் ஒன்றும் வந்திருந்தது. பாட்டுப் பாடும், விளக்கு மின்னும். பேத்தி ஒரு வாரம் அதில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றினாள். அப்புறம் நடைவண்டியைப் பிடித்தவள்தான், வாக்கர் பக்கமே போகவில்லை. முதல் நாள் தள்ளியதும் வண்டி முன்னால் ஓடியது, இவள் பொத்தென்று உட்கார்ந்தாள், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மறுபடி எழுந்து பிடித்தாள். தள்ளினால் கடகடவென்று சத்தம் வருகிறது, நின்றால் சத்தமும் நிற்கிறது, தன்னால்தான் அது நடக்கிறது என்று புரிந்த நொடியில் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் வருகிற பாட்டுக்கு அந்த முகம் ஒருநாளும் வரவில்லை.

வாக்கரில் குழந்தை உட்கார்ந்துகொண்டு விரல் நுனியால் தரையை உந்துகிறது. படிக்கட்டில் அதோடு உருண்டு விழுந்த குழந்தைகள் ஏராளம், கனடாவில் 2004-லிலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நடைவண்டியில் குழந்தை தன் காலில் நிற்கிறது, தன் எடையைத் தானே தாங்குகிறது. ஆனால் அந்தக் காலத்துச் சிமெண்டுத் தரையில் மெதுவாக உருண்ட மரச்சக்கரம் இன்றைய டைல்ஸில் சர்ரென்று ஓடிவிடும். நாங்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்தில் இழுத்து மாட்டினோம், சரியாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஆள் இல்லாமல் விடவும் இல்லை.

மற்றப் பழைய விளையாட்டுச் சாமான்களிலும் இதே குணத்தைப் பார்க்கிறேன். மரப்பாச்சிக்குச் சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது, வெறும் கண்ணும் மூக்கும்தான். அதனால் இன்றைக்கு அதற்குக் காய்ச்சல், நாளைக்குக் கல்யாணம், எல்லாம் குழந்தை வைத்ததுதான் சட்டம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எத்தனை முறை தள்ளினாலும் அடியில் இருக்கிற கனம் அதை நிமிர்த்திவிடுகிறது, ஏன் எழுந்திருக்கிறது என்று பேத்தி கவிழ்த்துப் பார்க்கிறாள், தட்டிப் பார்க்கிறாள். அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பு, கர்நாடகத்தில் இருக்கிற சென்னபட்டணத்து மர பொம்மை எல்லாம் கையில் எடுத்தாலே ஒரு வழவழப்பு இருக்கும். மரம் கடைசல் இயந்திரத்தில் சுற்றும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். சென்னபட்டணத்தில் அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். பெயிண்ட் டப்பாவே தேவையில்லாத வேலை அது.

பெயிண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேத்திக்கென்று ஒரு பழம்பொருள் கடையில் மரக்குதிரை வாங்கினேன். புதுச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். நாலே நாளில் அது செதில் செதிலாக உரிந்து அவள் விரலில் ஒட்டியது, அடியில் வேறு பழைய பெயிண்ட் இரண்டு அடுக்கு தெரிந்தது. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு அது. அந்தக் குதிரையை அன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டேன். தயவுசெய்து யாரும் பழைய பெயிண்டை வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பறக்கிற தூள் இன்னும் மோசம். பெயிண்ட் படாத வெறும் மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

தொட்டிலிலும் கம்பிக்குக் கம்பி இடைவெளி பாருங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பல்லாங்குழியோடு அழகாக இருக்கிறதென்று குன்றிமணி போட்டுத் தருகிறார்கள், அதைக் கடித்து உடைத்துவிட்டால் கடும் விஷம். சின்னச் சொப்புகளையும் மூன்று வயசு வரைக்கும் எடுத்து வைத்துவிடலாம், தொண்டையில் அடைக்கும். கடையில் விற்கிற புதுப் பொம்மைக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பரணில் இருந்து இறக்குகிற சாமானுக்கு அந்த முத்திரை ஏது? வீட்டில் இருக்கிற பெரியவர்கள்தான் தடவிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, ஆணி துருத்துகிறதா என்று கவனித்துக் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதே பக்கத்தில் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, நடைவண்டிக்குச் சக்கரம் மாட்டித் தருகிற, தொட்டிலைச் சரிசெய்து தருகிற ஆசாரிமார் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் சம்மதத்தோடு முகவரி போடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பரணில் ஒற்றைச் சக்கரம் போன நடைவண்டி கிடக்கிறது, அதில் இரண்டு வீட்டில் குழந்தை இப்போதுதான் எழுந்து நிற்கப் பார்க்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை