கடல் மட்டம் இருக்கட்டும் ஐயா, எங்க ரோடு மட்டத்தை பாருங்க

எங்க வார்டுக்கு ரோடு போடற, வடிகால் கட்டற, பேரிடர் வந்தா போட்ல வந்து பிரெட் பாக்கெட் குடுக்கற எல்லா அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் யாருன்னு சொன்னா உங்களுக்கு தெரியாது, ஆனா எங்க தெருவை தெரியும். தென் சென்னையில மழை வந்தா டிவிக்காரங்க மொதல்ல வந்து மைக்கை பிடிச்சுகிட்டு முழங்கால் தண்ணியில நிப்பாங்களே, அதுக்கு ரெண்டு தெரு தள்ளி. போன வாரம் ஏரியா சபை கூட்டத்துல கடைசி வரிசையில இருந்து எழுந்து ரோட்டை பத்தி கேட்டது நான்தான். அதுக்கு மேடையில இருந்த இன்ஜினியர் ஐயா சிரிச்சுகிட்டே சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வச்சுது. "சார், இதெல்லாம் கிளைமேட் சேஞ்ச் சார், நம்ம கையில இல்ல, துபாய்லயே தண்ணி நிக்குது, பாத்தீங்கல்ல?"

பாத்தேன் ஐயா. 2024 ஏப்ரல்ல துபாய் ஏர்போர்ட்ல பிளேன் தண்ணிக்குள்ள போனதை நானும் போன்ல பாத்தேன். ஆனா அது எப்பவாவது மழை பெய்யற பாலைவன ஊரு. நமக்கு அக்டோபர் வந்தா வடகிழக்கு பருவமழை வரும்னு பிள்ளைங்க சமூக அறிவியல் புக்லயே போட்டிருக்கு, அது ஒவ்வொரு வருஷமும் உங்களுக்கு மட்டும் எப்படி அதிர்ச்சியா இருக்குன்னுதான் எனக்கு புரியல.

நான் கேட்டது ரொம்ப சின்ன விஷயம். இப்ப எங்க தெருவுக்கு புது ரோடு போடப்போறீங்க, சந்தோஷம், ஆனா பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டு போடுங்க, அதுக்கு மேலயே தாரை ஊத்தாதீங்க. அவ்வளவுதான்.

எங்க வீடு அப்பா 1993ல கட்டினது. அப்ப தெருவுல இருந்து மூணு படி ஏறித்தான் திண்ணைக்கு போகணும். சைக்கிளை தூக்கி மேல வைக்க முடியலைன்னு ஓரமா ஒரு சரிவு போட சொல்லி நான் அழுதது ஞாபகம் இருக்கு. இன்னைக்கு அதே வீட்டுக்குள்ள போக தெருவுல இருந்து ரெண்டு படி இறங்கணும். வீடு பூமிக்குள்ள போகல, ரோடுதான் மேல வந்துடுச்சு. படிக்கு ஆறு அங்குலம்னு வச்சா அஞ்சு படி வித்தியாசம், முப்பது அங்குலம், ரெண்டரை அடி, சென்டிமீட்டர்ல சொன்னா 76. உலகத்துல இருக்கற விஞ்ஞானிங்க எல்லாம் சேர்ந்து கணக்கு போட்டு 1901ல இருந்து 2018 வரைக்கும் உலகக் கடல் மட்டம் 20 செ.மீ. உயர்ந்திருக்குன்னு சொல்றாங்க. நூத்தி சொச்சம் வருஷத்துல கடல் 20, முப்பது சொச்சம் வருஷத்துல எங்க ரோடு 76. இதுல எதுக்கு நான் பயப்படணும்னு நீங்களே சொல்லுங்க.

உண்மையை சொல்லிடறேன், எனக்கு இந்த கிளைமேட் விஷயத்துல ரொம்ப நாளா நம்பிக்கை கிடையாது. 2100ல என்ன ஆகும்னு சொல்றவங்க நாளைக்கு என்ன ஆகும்னு சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு டீக்கடையில பேசறவங்கள்ல நானும் ஒருத்தன். 2021 டிசம்பர் 30 அன்னைக்கு மத்தியானம் யாருக்கும் சொல்லாம கொள்ளாம சென்னையில கொட்டி தீத்துச்சே, ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்னீங்க, வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க காரை கொண்டுபோய் வரிசையா நிறுத்துனாங்க, பாத்தா மறுநாள் வெயில் எட்டிப் பாக்குது. எங்க பாட்டி எறும்பு முட்டையை தூக்கிகிட்டு திட்டு ஏறுதான்னு பாத்து சொல்லும், அதுவும் பாதிக்கு பாதி சரியா இருக்கும். இன்னொன்னு, 2015 நவம்பர்ல நுங்கம்பாக்கத்துல 1049 மி.மீ. பெஞ்சுது, வரலாறு காணாத மழைன்னு சொன்னாங்க. 1918 நவம்பர்ல அதே ஊர்ல 1088 மி.மீ. பெஞ்சிருக்கு. அன்னைக்கு ஊர்ல எத்தனை காரு, எத்தனை ஏசி இருந்திருக்கும்?

இதை எல்லாம் அக்கா பொண்ணுகிட்ட சொல்லி வாங்கி கட்டிக்கிட்டேன். அவ சுற்றுச்சூழல் படிக்கறா. மாமா, நாளைக்கு மழை வருமான்னு சொல்றது வேற, முப்பது வருஷ சராசரி எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்றது வேற, நீங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்கன்னு திட்டிட்டு ஒரு விஷயம் காட்டினா. 2015 டிசம்பர் 1ஆம் தேதி, தாம்பரத்துல 49 செ.மீ. பெஞ்ச அந்த மழையை பல நாட்டு விஞ்ஞானிங்க, நம்ம டெல்லி ஐஐடி ஆளு உட்பட, உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இதுல புவி வெப்பமாதலோட கை இருக்கான்னு தேடியிருக்காங்க. இந்த ஒரு மழையில எங்களால அதை பாக்க முடியலைன்னு எழுதிட்டாங்க. வங்காள விரிகுடாவோட மேற்குப் பக்கம் அந்த நாப்பது வருஷத்துல கடல் மேல்பரப்பு சூடாகவே இல்ல, காத்துல இருக்கற மாசு வெயிலை மறைக்கறது காரணமா இருக்கலாம்னு ஒரு யோசனையும் சொல்லியிருக்காங்க. மத்த இடத்துல மத்த மழையில கை இருக்குன்னும் அதே மாதிரி ஆளுங்கதான் சொல்றாங்க, அதையும் மறைக்காம காட்டினா பொண்ணு.

ஐயா, எனக்கு அன்னைக்குதான் அந்த விஞ்ஞானிங்க மேல மொத மொதல்ல மரியாதை வந்துது. பாக்க முடியலைன்னா பாக்க முடியலைன்னு சொல்றாங்க பாருங்க. அவங்களே சொல்லாததை நீங்க மேடையில மைக்ல சொல்றீங்க. அதே 2015 வெள்ளத்தை பத்தி 2018ல சட்டசபையில வச்ச சிஏஜி அறிக்கை, அதான் அரசாங்க கணக்கை தணிக்கை பண்றவங்க அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வீதம் 21 மணி நேரம் தண்ணி திறந்ததை எல்லாம் சொல்லிட்டு, இது மனுஷனால வந்த பேரிடர்னு எழுதுச்சு. ஏரி மேல தப்பு, மேகம் மேல தப்பு, கடல் மேல தப்பு, மதகு சாவி வச்சிருந்தவங்க மட்டும் பாவம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், நீங்க வானமே கோணல்னு சொல்றீங்க. என்னை மாதிரி ஆளுங்க அந்த அறிவியலை நம்பாம போனதுக்கு பாதி காரணம் நீங்கதான், நீங்க அதை எப்பெல்லாம் வாயில எடுக்கறீங்களோ அப்பெல்லாம் ஒரு வேலை முடியாம கிடக்குதுன்னு எங்களுக்கு பழகிப்போச்சு.

சூடு ஒரு டிகிரி ஏறினா காத்து 7 சதவீதம் கூடுதலா ஈரத்தை பிடிச்சுக்கும்னும் அந்த பொண்ணு சொன்னா. சரி, ஒத்துக்கிட்டேன்னே வைங்க. அப்ப இன்னும் பெரிய மழை வரும்னு தெரிஞ்ச ஆளு ரோட்டை உசத்துவாரா, இறக்குவாரா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு பழமொழி சொல்லுவாங்க. எங்க தெருவுல சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதான் ஐயா எங்க பிரிட்ஜும் பீரோவும் இருக்கு.

எங்க வீட்ல அக்டோபர் மாசம்னா என்ன நடக்கும்னு சொல்றேன். ஆயுத பூஜை முடிஞ்சதும் கொத்தனாரை கூப்புட்டு கேட் நடுவுல குறுக்கா செங்கல் வச்சு சிமெண்ட் பூசி ஒரு குட்டி சுவர் கட்டுவோம், தெரு தண்ணி உள்ள வராம இருக்க. பொங்கலுக்கு முன்னாடி அதை இடிப்போம். வருஷா வருஷம் கட்டறது, இடிக்கறது, மொதல்ல ஒரு வரிசை செங்கல் இருந்துது, இப்ப நாலு வரிசை. அந்த மூணு மாசமும் வீட்ல இருக்கறவங்க எல்லாம் அதை தாண்டி தாண்டிதான் வெளிய போகணும் வரணும், பால்காரரு சுவர் மேலயே பாக்கெட்டை வச்சுட்டு போயிடுவாரு.

எங்க அம்மாவுக்கு 78 வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வாசல்ல கோலம் போடாம ஒரு நாள் இருந்ததில்ல, தீட்டு நாள் தவிர. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, விடியக்காலையில, கோலப்பொடி கிண்ணத்தோட அந்த செங்கல் சுவரை தாண்டறேன்னு கால் தடுக்கி அந்தப் பக்கம் விழுந்துட்டாங்க. நல்லவேளை எலும்பு முறியல, இடது கை மணிக்கட்டு பிசகி வீங்கிடுச்சு. அதுக்கு அடுத்த நாளைக்கு அடுத்த நாள் புயல். தண்ணி கேட் வழியா வரல ஐயா, நாங்க கட்டின சுவரை அது மதிச்சுது, பாத்ரூம் ஓட்டை வழியா கீழ இருந்து வந்துது. வெளிய தெரு உசரம், உள்ள வீடு பள்ளம், சாக்கடை தண்ணி எங்க போகும்? கட்டு போட்ட கையோட அம்மாவை பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சு நானும் எதிர்வீட்டு தம்பியும் தூக்கி மாடி வீட்ல விட்டோம். தூக்கும்போது அவங்க அழல, கோவிச்சுக்கல, "உங்கப்பா மூணு படி வச்சுத்தானேடா கட்டினாரு"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்? கிளைமேட் சேஞ்ச் மான்னு சொல்லவா?

தண்ணி வடிஞ்சப்புறம் சம்புல இறங்கின சாக்கடையை மோட்டார் வச்சு இறைச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு தடவை கழுவி, தண்ணி லாரிக்கு போன் மேல போன் போட்டு, அந்த கதையை விடுங்க, அது எல்லார் வீட்லயும் நடந்ததுதான். ரேஷன் கடையில 6000 ரூபா குடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம், நன்றி. மோட்டார் வாடகைக்கும் லாரி தண்ணிக்கும் அதுல பாதி போச்சு.

எதிர்வீட்டு சார் ஒருத்தர் இருக்காரு, ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், அரசாங்கமே வேண்டாம், ரோடு சாக்கடை எல்லாத்தையும் தனியாருக்கு விட்டுடணும்னு எப்பவும் சொல்லுவாரு. நான் அவர்கிட்ட சொன்னேன், சார், விட்டாச்சு சார், எப்பவோ விட்டாச்சு. தண்ணிக்கு தனியார் லாரி, கரண்டுக்கு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், வெள்ளத்துக்கு சொந்தமா செங்கல் சுவர். பக்கத்து தெருவுல ஒருத்தரு வடநாட்ல இருந்து ஆளுங்களை கூப்புட்டு ஜாக்கி வச்சு வீட்டையே மூணு அடி தூக்கிட்டாரு, இப்ப அவரு வீட்டு தண்ணியும் சேர்ந்து அடுத்த வீட்டுக்கு போகுது. காசு இருக்கறவன் மேல போறான், இல்லாதவன் வீட்ல தண்ணி தேங்குது. வரி மட்டும்தான் இன்னும் அரசாங்கத்துகிட்ட இருக்கு. 2019ல ஏரி எல்லாம் வத்தி ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துதே, அப்பவும் வானத்தைதான் காமிச்சீங்க. மழை இல்லைன்னாலும் வானம், மழை வந்தாலும் வானம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல பெருங்குடி குப்பைமேட்டை வானமா கொண்டுவந்து கொட்டுச்சு? பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ள பறக்கும் ரயிலுக்கு தூண் நட்டது மேகமா? அப்புறம் 2022ல அதே சதுப்பு நிலத்துக்கு ராம்சர்ங்கற சர்வதேச ஈரநில அங்கீகாரம் வாங்கி போட்டோ எடுத்துக்கிட்டோம், நல்ல விஷயம்தான், நானும் கை தட்டினேன். காலநிலை மாற்ற இயக்கம் ஆரம்பிச்சிருக்கீங்க, மஞ்சப்பை குடுக்கறீங்க, அதுவும் நல்ல விஷயம்தான், அம்மாவை தூக்கும்போது மாத்திரை சீட்டெல்லாம் அந்த மஞ்சப்பையிலதான் போட்டுக்கிட்டு போனோம்.

எங்கேயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கோவம் வந்தா இப்படித்தான்.

பணிவா திரும்ப கேக்கறேன். சுரண்டிட்டு போடுங்க. இது நானா கண்டுபிடிச்ச புது திட்டம் இல்ல. 2021 மே மாசமே அன்னைக்கு இருந்த தலைமைச் செயலாளர், பழைய ரோட்டை மில்லிங் பண்ணாம, அதாவது மெஷின் வச்சு சுரண்டி எடுக்காம, மேல ரோடு போடக்கூடாது, வீடுங்க பள்ளத்துக்கு போயிடுதுன்னு எல்லா துறைக்கும் எழுதினாரு, பேப்பர்லயும் வந்துது, நான் வெட்டி வச்சிருக்கேன். அதுக்கப்புறமும் எங்க தெருவுல ஒரு லேயர் ஏறுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு வந்து விடியறதுக்குள்ள போட்டுட்டு போயிட்டாங்க, மில்லிங் மெஷின் எங்கன்னு கேட்டதுக்கு பின்னாடி வருதுன்னு சொன்னாங்க. வந்துகிட்டே இருக்கு போல.

ஆபீஸ்ல போய் கேட்டா டெண்டர்ல மில்லிங் இருக்குங்கறீங்க, காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா மேலிடத்துல சொல்லலைங்கறாரு. நடுவுல யாரு சொல்றது உண்மைன்னு விசாரிக்கறது எங்க வேலை இல்ல. ரோடு போடற அன்னைக்கு உங்கள்ல ஒருத்தர், யாரா இருந்தாலும் சரி, டேப் எடுத்துக்கிட்டு நேர்ல வந்து நில்லுங்க. எங்க வாசல் கிட்ட அளந்து, சாக்பீஸ்ல கோடு போட்டு, அந்த கோட்டுக்கு மேல ஒரு அங்குலம் கூட ஏறாதுன்னு சொல்லுங்க, போதும். முப்பது இன்ச் சுரண்டுங்கன்னு கேக்கல, அப்பாவோட மூணு படியை திருப்பி குடுங்கன்னு கேக்கல, அது நடக்காதுன்னு தெரியும். இருக்கற பள்ளம் போதும், இதுக்கு மேல வேண்டாம்.

கொத்தனாரு நேத்து சாயந்திரமே வந்துட்டாரு. இந்த வருஷம் எத்தனை வரிசை வைக்கட்டும் சார், நாலா அஞ்சான்னு கேட்டாரு. ரோடு வேலை முடியட்டும் சொல்றேன்னு ரெண்டு வாரம் டைம் கேட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ரோட்டுக்கு கீழ குடியிருக்கும் ஒரு வரி கட்டுறவன்