புகார் கடிதம்: மின் இணைப்புக்கு வழியில்லாமல் வந்த ஐபி போனும், தவறாக அனுப்பப்பட்ட இன்ஜெக்டரும்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் ‘வீட்டு அலுவலகத்துக்கு ஏற்றது’ என்ற தலைப்பின் கீழ் இருந்த, இணையம் வழியாகப் பேசும் ஐபி மேசை போனை வாங்கி, அதோடு உங்கள் அழைப்புச் சேவைக்கும் சந்தா கட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் எந்த நேரத்திலும் அழைப்பார்கள், அதற்காகத்தான் கைபேசியை நம்பாமல் மேசை போனுக்கு வந்தேன். போன் இப்போது வேலை செய்கிறது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் உங்கள் தரப்பில் நடந்தவை சரியில்லை. அவற்றில் ஒன்று ஆபத்தானதும்கூட.

முதலில் பெட்டி. போன், கைப்பிடி, சுருள் வயர், நிறுத்தி வைக்கும் தாங்கி, ஒரு ஈதர்நெட் கேபிள் எல்லாம் இருந்தன. அடாப்டர் மட்டும் இல்லை. விளம்பரத்தில் ‘பெட்டியைத் திறந்தால் பேசலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘பிஓஇ வசதி உண்டு’ என்று ஒரு வரி. ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ளும் வசதி அது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின்படி, அலுவலகங்களில் பல கருவிகளை இணைக்கும் பெட்டியான பிஓஇ ஸ்விட்ச் ஒவ்வொரு போனுக்கும் 15.4 வாட் வரை கொடுக்கும். மேசைக்கு ஒரே ஒரு கேபிள் போனால் போதும். ஆனால் வீடுகளில் இருக்கும் சாதாரண ரவுட்டர் தன் துளைகளில் மின்சாரம் தருவதில்லை. ஆக, அடாப்டரும் இல்லை, பிஓஇ தரும் கருவியும் இல்லை என்றால் இந்த போன் வீட்டில் இயங்கவே இயங்காது. இதை அறியாமல் நீங்கள் விற்கிறீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திரை இருட்டாகவே இருக்கிறது என்று உங்கள் உதவி எண்ணுக்குச் சொன்னேன். கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். அப்புறம் ரவுட்டர் பழுதாக இருக்கும் என்றார்கள். போனின் பின்னால் ‘பிசி’ என்று எழுதிய இன்னொரு துளை இருக்கிறதே, அதில் செருகிப் பாருங்கள் என்றும் ஒருவர் சொன்னார். அது கணினியைப் போன் வழியாக இணையத்தோடு இணைப்பதற்கான துளை, மின்சாரம் வாங்கும் துளை அல்ல. உங்கள் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்துச் சொன்னதை மட்டும் விட முடியாது. ‘வீட்டில் பழைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் இருக்கும், செருகும் பின் பொருந்தினால் போடுங்கள்’ என்று உங்கள் ஊழியர் சொன்னார். போனைத் திருப்பி அடியில் இருந்த லேபிளைப் படித்தேன்: 5 வோல்ட். பின் பொருந்துவதால் மட்டும் மின்னழுத்தம் பொருந்திவிடாது. ஒரே அளவு வட்டப் பின்னோடு 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் அடாப்டர்கள் வருகின்றன. 12 வோல்ட்டைப் போட்டிருந்தால் போன் அந்த இடத்திலேயே கருகியிருக்கலாம், பிறகு ‘வேறு அடாப்டர் போட்டதால் வாரண்டி செல்லாது’ என்றும் நீங்கள் சொல்லியிருக்கலாம். அந்த நிபந்தனை உங்கள் வாரண்டி அட்டையில் இருக்கிறது. லேபிளைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்காது. உதவிக்கு அழைக்கும் ஒருவர், எதிர்முனையில் இருப்பவர் விஷயம் தெரிந்து பேசுகிறார் என்றுதான் நம்புவார்.

நான் வற்புறுத்தியதன் பேரில், ஈதர்நெட் கேபிளில் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் சிறு பெட்டியான இன்ஜெக்டர் ஒன்றை அனுப்பி வைத்தீர்கள். அதுவும் தவறானது. அது 24 வோல்ட் பாசிவ் வகை. 802.3ஏஎஃப் தரத்தில் மின்சாரம் கொடுக்கும் பக்கம் 44 முதல் 57 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்தத் தரப்படி அமைந்த இன்ஜெக்டர் உடனே மின்சாரத்தை அனுப்பிவிடாது. மறுமுனையில் ஏறக்குறைய 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று சிறு மின்னழுத்தத்தில் சோதித்துவிட்டுத்தான் முழு மின்சாரத்தைத் திறந்துவிடும். பிஓஇ தெரியாத கருவியைத் தவறிச் செருகினாலும் அது பிழைப்பது இந்தச் சோதனையால்தான். பாசிவ் வகைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. எதைச் செருகினாலும் மின்சாரத்தைத் தள்ளிவிடும். அதன் மின் துளையில் யாராவது மடிக்கணினியைச் செருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் போன் அதில் இயங்கவில்லை, இயங்கவும் முடியாது. கடைசியில் 802.3ஏஎஃப் என்று தெளிவாக அச்சிட்ட இன்ஜெக்டரை என் செலவிலேயே வாங்கினேன். ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் தரவுத் துளையிலும், போனுக்குப் போகும் கேபிளை மின் துளையிலும் செருகியதும் திரை ஒளிர்ந்தது. போனும் கேபிளும் ரவுட்டரும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தன.

சரி, மின்சாரம் வந்தது. இணைப்பு அடுத்த தலைவலி. நான் அழைத்தால் அழைப்பு போகும், சற்று நேரம் சும்மா இருந்தபின் வெளியிலிருந்து வரும் அழைப்பு மட்டும் மணியடிக்காது. சில அழைப்புகளில் நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. இணைய வேகத்தைக் கூட்டுங்கள் என்றது உங்கள் உதவிப் பிரிவு. உங்கள் போன் பயன்படுத்தும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட், அதோடு போகும் முகவரி போன்ற மேலுறைகளைச் சேர்த்தாலும் ஒரு திசைக்கு 100 கிலோபிட்டைத் தாண்டாது. என் இணைப்பு அதற்குப் பல மடங்கு பெரியது.

இந்த இடத்தில் உங்கள் மூத்த தொழில்நுட்பர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் மட்டும்தான் என்னிடம் கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். ரவுட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற அமைப்பு இயங்குகிறதா பாருங்கள் என்றார். இயங்கிக்கொண்டிருந்தது. போன் அனுப்பும் செய்திகளில் உள்ள முகவரியை அது உதவுவதாக நினைத்து மாற்றி எழுதும், அதனால் குரல் ஒரு பக்கம் தொலைந்துபோகும் என்று விளக்கினார். அதை நிறுத்தினேன். அப்புறம், போன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் உங்கள் சேவையில் தன்னைப் பதிவு செய்கிறது, அதற்குள் ரவுட்டர் வெளியிலிருந்து வரும் வழியை மூடிவிடுகிறது என்று கண்டுபிடித்து, 30 விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்பும்படி உங்கள் பக்கத்திலிருந்தே மாற்றினார். அன்றிலிருந்து எந்த அழைப்பும் தவறவில்லை. போனின் அமைப்புப் பக்கத்தை நீங்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருப்பதால் இதை நானாகச் செய்ய வழியே இல்லை. பூட்டுவது உங்கள் உரிமை என்றால், சரியாக அமைத்துக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘பழைய லேண்ட்லைனுக்கு முழு மாற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். செப்புக் கம்பியில் வந்த பழைய தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையமே மின்சாரம் கொடுத்தது. வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசும். உங்கள் போன் பேசாது. போன், இன்ஜெக்டர், ரவுட்டர், ஃபைபர் மோடம் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் இருந்தால்தான் பேசும். வயதான பெற்றோருக்காக வாங்கி வைப்பவர்கள் அவசரத்துக்கு அந்த போனைத்தான் எடுப்பார்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது பெரிய தவறு.

எனக்கு வேண்டியது இவைதான். நான் வாங்கிய இன்ஜெக்டரின் விலையைத் திருப்பித் தாருங்கள், பாசிவ் இன்ஜெக்டரை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். அதே வகையை வேறு வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியிருந்தால் அவர்களை உடனே எச்சரியுங்கள். என் பணத்தைவிட இது அவசரம். விற்பனைப் பக்கத்தின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், ‘அடாப்டர் சேர்க்கப்படவில்லை, 5 வோல்ட் அடாப்டரோ 802.3ஏஎஃப் இன்ஜெக்டரோ தேவை. மின்வெட்டின்போது இயங்காது’ என்று போடுங்கள். பின் பொருந்தினால் போதும் என்று இனி யாரிடமும் சொல்லக்கூடாது என உதவிப் பிரிவுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

15 நாட்களுக்குள் மின்னஞ்சலில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் முறையிடுவேன். போன் மற்றும் இன்ஜெக்டரின் ரசீதுகள், போனின் அடிப்பக்க லேபிள், நீங்கள் அனுப்பிய இன்ஜெக்டரின் லேபிள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்