சத்தமே கேட்கலையே

அன்புள்ள செல்விக்கு,

நல்லா இருக்கியா? வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம்.

ரெண்டு வருஷமாக உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் போடவில்லை. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நீ அனுப்புகிற ரோஜாவுக்கு ஒரு கும்பிடு போடுவதோடு சரி. ஏட்டி, ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை அட்டையில் ரோஜா ஒட்டினவள் இன்னும் அதே ரோஜாவை விடமாட்டேன் என்கிறாயே! கோபம் இருந்தால் பதில் கடிதத்தில் திட்டிக்கொள். இன்றைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விஸ்கான்சின் டெல்ஸுக்கு ஒரு ராத்திரி தங்கப் போயிருந்தோம். சிகாகோவிலிருந்து காரில் மூணு மணி நேரம். விஸ்கான்சின் ஆறு மணற்பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஊர். 1931 வரைக்கும் கில்போர்ன் என்றுதான் பெயராம். அந்தக் காலத்தில் ஜனங்கள் பாறையையும் ஆற்றையும் பார்க்க வந்தார்கள். இப்போது திரும்பின பக்கமெல்லாம் நீர்ப் பூங்காதான், அதிலும் பாதி கூரைக்குள்ளேயே. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது, காரிலிருந்து இறங்கினால் காது மடல் வலிக்கிறது. உள்ளே போனால் 29 டிகிரி, நம்ம ஊர் மார்கழி மத்தியானம் மாதிரி. பெரியவள் சந்தோஷம் தாங்காமல் கத்தினாள். அறைச் சாவிக்குப் பதில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள், அதைக் கதவில் காட்டினால் திறக்கும். சின்னவன் கண்ட கதவிலெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

கூரைக்குக் கீழே ஒரு பெரிய வாளி தொங்குகிறது. நிரம்பினதும் மணி அடிக்கும், அப்படியே கவிழும். அடியில் நிற்கிற பிள்ளைகள் போடுகிற கூச்சல் இருக்கிறதே! விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு பீட்சாவுக்குக் கொடுத்ததை நினைத்து இவர் சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஒரு நெடி ஏறும். குளோரின் வாடை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குளோரினோடு வியர்வையும் மூத்திரமும் சேர்ந்தால் குளோராமின் என்று ஒன்று உண்டாகுமாம், கண்ணைக் கரிக்கிறதும் இருமல் வருகிறதும் அதனால்தான். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்வது இதற்குத்தான், யாரும் குளிப்பதில்லை. எனக்கு நம்ம குறுக்குத்துறைப் படித்துறையில் மஞ்சளும் சீயக்காயும் கலந்து வருகிற வாசனை ஞாபகம் வந்தது.

செல்வி, இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

வாசலிலேயே பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சின்னவனுக்கு நான்தான் மாட்டி, இழுத்துப் பார்த்து, கொக்கி போட்டேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நனைந்த ஜாக்கெட் குளிர்கிறது என்று அழுதான். கழற்றி நாற்காலியில் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் பெரியவள் பின்னாலேயே ஓடினான். ஜாக்கெட் நாற்காலியிலேயே கிடந்தது. எனக்கு இடுப்பளவுத் தண்ணீர், அவனுக்குத் தலைக்கு மேலே. நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். போனைப் பார்க்கவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அவன் இருந்த பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நீலக் குளத்தில் நீல நிக்கர். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, கையை ரெண்டு பக்கமும் விரித்துத் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட.

விசில் சத்தம் கேட்டது. சிவப்பு நிக்கர் போட்ட பெண் ஒருத்தி, பதினேழு வயதுகூட இருக்காது, உயர நாற்காலியிலிருந்து குதித்தாள். அவள் யாரைத் தூக்குகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறேன், என் பிள்ளை. ரெண்டு தரம் தண்ணீரைக் கக்கினான், பிறகு வீறிட்டு அழுதான். அந்த அழுகைதான் என் காதில் விழுந்த முதல் சத்தம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தோம். நுரையீரலில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறான், இப்போது பக்கத்தில் தூங்குகிறான். பயப்படாதே.

அந்தப் பெண்ணிடம் மறுநாள் போய், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தன் பங்குத் தண்ணீர் முழுக்கப் பத்து வினாடிக்கு ஒருமுறை கண்ணை ஓட்டணும், ஆபத்து தெரிந்தால் இருபது வினாடிக்குள் போய்ச் சேரணும், இதுதான் பயிற்சி என்றாள். மூழ்குகிறவன் கத்தமாட்டான் என்பதையும் அவள்தான் சொன்னாள். நியூயார்க் ஆர்ச்சர்ட் பீச்சில் லைஃப்கார்டாக இருந்த பிராங்க் பியா என்பவர் மூழ்குகிறவர்களைப் படமே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடி மூச்சு விடவும் இழுக்கவுமே போதாது. பிறகு எங்கே கூப்பிடுவது? கையை ஆட்டவும் முடியாது, கை தானாகவே தண்ணீரை அமுக்கும். சின்னப் பிள்ளைகள் அரை நிமிஷத்தில்கூட அடியில் போய்விடுமாம். இந்த நாட்டில் ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் சாகிற பிள்ளைகளில் வேறெதையும்விடத் தண்ணீரில் போகிறதுகள்தான் அதிகம்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும்.

"துணி துவைச்சுக்கிட்டேதான் இருந்தேன், பக்கத்துலதான் நின்னான், ஒரு சத்தம் கேட்கலையே, சத்தமே கேட்கலையே." உன் தம்பி தண்ணீரில் போன பிறகு அத்தை எத்தனை வருஷம் சொன்னாள்! நம்ம தெருவில் ஒருத்தர் நம்பவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பாள், கத்தினது காதில் விழுந்திருக்காது என்றார்கள். எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நான் பள்ளிக்கூடத்தில் உன்னிடமே, "உங்க அம்மா பார்க்கலையா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். மூணு நாள் பேசவில்லை. பிறகு நீயாகத்தான் வந்து பேசினாய். நான் அதற்கு மன்னிப்பே கேட்கவில்லை, செல்வி. இப்போது கேட்கிறேன்.

அத்தை சொன்னது நிஜம். தம்பி கத்தவில்லை. கத்தியிருக்கவே முடியாது. அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அத்தைக்கு யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சின்னவனை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டேன். நிக்கரும் சட்டையும் இனி ஆரஞ்சு நிறம்தான். குளத்துப் பக்கம் போனால் நானும் இவரும் கால் மணிக்கு ஒருத்தராக முறை வைத்துக்கொள்கிறோம். முறைக்காரருக்குக் கையெட்டும் தூரத்தில் பிள்ளை இருக்கணும், அந்த நேரம் வேறு எந்த வேலையும் கிடையாது. உன் மகள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாயே. நல்லது, விடாதே. ஆனால் நீயும் கரையில் இரு.

ஜூலையில் ஊருக்கு வருகிறோம். வந்ததும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டு. முதல் பாதியை விட்டுவிடு, தம்பியைப் பற்றி எழுதின இடத்தை மெதுவாக வாசி. அத்தை என்ன சொன்னாள் என்று அப்படியே எழுது. ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் எழுது.

உன்
மாலா