மீனாவுக்கு, படத்தை விழாவுக்கு அனுப்பும் முன்

அன்புள்ள மீனாவுக்கு,

நீ அனுப்பிய அய்யனார் கோயில் படத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். இத்தாலியில் ட்ரெண்டோ நகரத்து ரிலிஜன் டுடே திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பலாம். 1997 முதல் நடக்கும் விழா அது, எல்லா மதத்துப் படங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் இந்த 22 நிமிடத்தை அப்படியே அனுப்பாதே.

ஒன்பதாவது நிமிடத்தில் பூசாரித் தாத்தா பழைய வேட்டியைக் கிழித்து, தொடையில் வைத்துத் திரி உருட்டுகிறார். அகலில் எண்ணெய் ஊற்றியதும் விரலில் ஒட்டியிருப்பதைத் தலையில் தடவிக்கொள்கிறார். உன் படம் அங்கேதான் இருக்கிறது, மா. அதே இடத்தில் "நம்பிக்கை என்பது தலைமுறைகளின் தொடர்ச்சி" என்று ஒரு குரல் வந்து அந்தக் கையை மறைத்துவிடுகிறது. அந்தக் குரலை முழுக்க எடுத்துவிடு. அய்யனார் யாரென்றே தெரியாதவருக்கும் அந்தக் கை புரியும். கான் விழாவில் 1974 முதல் இருக்கும் எக்குமெனிக்கல் ஜூரிகூட, அதாவது பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து அமைக்கும் நடுவர் குழுகூட, சாமி படமா என்று பார்த்து விருது கொடுப்பதில்லை; மனிதனை எவ்வளவு ஆழமாகக் காட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

ஆரம்பத்து ட்ரோன் காட்சியும் வேண்டாம். தாத்தா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்தில் தொடங்கு. டைட்டில், நன்றி எல்லாம் சேர்த்து 15 நிமிடத்துக்குள் வரட்டும். 80, 90 நிமிடக் காட்சியில் ஐந்தாறு படங்களை அடுக்குகிறவர்களுக்கு 22 நிமிடப் படத்தை நுழைப்பது கஷ்டம்.

விளக்கேற்றும் ஷாட்டில் சுடர் வெறும் வெள்ளையாகிவிட்டது. அப்படி எரிந்துபோன இடத்தைக் கலர் கிரேடிங்கில், அதாவது பிறகு நிறம் திருத்தும்போது, மீட்கவே முடியாது. மறுபடி எடுக்கும்போது எக்ஸ்போஷரைச் சுடருக்கு வை, முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஷட்டர் வேகம் 1/50 வினாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதோடு ஒத்துப்போகாத வேகம் வைத்தால் கோயில் டியூப்லைட் துடிப்பது படத்தில் தெரியும். மணியடிக்கும்போது ஒலி உடைந்திருக்கிறது. உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி லெவலை வைத்துக்கொள். எல்லோரும் போன பிறகு வெறும் கோயிலின் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டு வா. கட் ஒட்டும் இடங்களில் அதுதான் கைகொடுக்கும்.

எனக்குப் பெரிய கவலை ஒலிபெருக்கிப் பாட்டுதான். ஆறாவது நிமிடத்தில் தாத்தா பேசும்போது பின்னால் ஒரு கேசட் பக்திப் பாட்டு ஓடுகிறது. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு. பாட்டு எவ்வளவு பழசானாலும் பதிவு இன்னொருவருடையது. இசை உரிமை எல்லாம் கையில் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் நீதான் உறுதி கொடுக்க வேண்டும். பேச்சோடு கலந்துவிட்ட பாட்டைச் சுத்தமாகப் பிரிப்பதும் கஷ்டம். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி அந்தப் பேச்சை மட்டும் திரும்ப எடு. பாட்டு வேண்டுமென்றால் ஊர் உடுக்கைக்காரரையே பாடச் சொல்லி, பணம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்.

சாமி வந்து ஆடும் அந்த அக்காவிடம் கட்டாயம் பேசு. சாமி இறங்கியிருக்கும்போது எடுத்ததற்குச் சம்மதம் கேட்டோம் என்று சொல்ல முடியாது. மறுநாள் வீட்டுக்குப் போய் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிக் கேள். வேண்டாம் என்றால் எடுத்துவிடு, எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் சரி.

சப்டைட்டிலில் அதே இடத்தில் "கடவுள் நடனமாடுகிறார்" என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறாய். அரங்கில் சிரித்துவிடுவார்கள். சாமி அவள் மேல் இறங்கியிருக்கிறது என்கிற பொருள் வர வேண்டும். படையல், நேர்த்திக்கடன் இதையெல்லாம் விளக்க முயலாதே, படத்திலேயே தெரிகிறது. வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, அதற்கு மேல் போனால் கண் படத்தை விட்டுவிடும். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திருத்து.

யூடியூபில் பொதுவில் போட்டுவிடாதே. இணையத்தில் வந்த படத்தை ஏற்காத விழாக்கள் நிறைய. பாஸ்வேர்டு போட்ட லிங்க் கொடு, முடிவு வரும்வரை அந்தப் பாஸ்வேர்டை மாற்றாதே. ஜூரி திறக்கும் நாளில் லிங்க் திறக்காமல் போய் வெளியேறும் படங்கள் உண்டு. கட்டணம் கடைசித் தேதி நெருங்க நெருங்க ஏறும், கட்டினால் பெரும்பாலும் திரும்பாது. அதனால் கால அளவு, தயாரித்த ஆண்டு, பிரீமியர் விதி (படம் வேறெங்கும் திரையிடப்பட்டிருக்கலாமா என்பது) மூன்றையும் படித்த பிறகு கட்டு.

தேர்வானால் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள். நீ வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்திருக்கிறாய். அங்கே 25-லேயே ஓடுமா என்று முதலிலேயே எழுதிக் கேள். 24-க்கு அப்படியே இறக்கினால் படம் 4 சதவீதம் மெதுவாகும், நாதஸ்வரத்தின் சுருதியும் கூடவே இறங்கிவிடும்.

புது கட் முடிந்ததும் இசை சேர்ப்பதற்கு முன்பே அனுப்பு. திரி உருட்டும் சத்தம் தனியாகக் கேட்கிறதா என்று ஹெட்போனில் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா