தாய் என்று சொன்ன வாய்

சுற்றுச்சூழல் மேடைகளில் பேசும் சமயப் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேச்சில் ஒரு வரி தவறாமல் வருகிறது: அந்தக் காலத்தில் மனிதன் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தான், மண்ணைத் தாயாக வணங்கினான் என்று. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்துச் சொல்லும் நூல்களையே பிரித்துப் படித்தால், அங்கே இதத்தைவிட உறுத்தல்தான் அதிகம் தெரிகிறது.

அதர்வ வேதத்தின் 12ஆம் காண்டத்தில் வரும் பூமி சூக்தத்தையே, அதாவது பூமியைப் போற்றும் பாடலையே, பாருங்கள். 63 மந்திரங்கள். 'பூமி என் தாய், நான் அவள் பிள்ளை' என்பது அதில் எல்லோருக்கும் மனப்பாடம். சற்றுத் தள்ளி 35ஆம் மந்திரத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை. உன்னில் நான் தோண்டுவது சீக்கிரம் மறுபடி வளரட்டும், உன் உயிர்நிலையையும் நெஞ்சையும் நான் துளைத்துவிடக் கூடாது என்கிறது அது. தோண்டாமல் இருக்க முடியாது என்று தெரிந்தவன் வேண்டிக்கொள்வது.

ஏர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சாலில் பாதியாக அறுந்த மண்புழு நெளியும், பின்னாலேயே கொக்கு வந்து கொத்தும். புத்தரின் வாழ்க்கையைப் பாடும் அசுவகோஷரின் புத்த சரிதக் காவியத்தில் சித்தார்த்தன் நின்றுவிடுவதும் அப்படியொரு வயல் முன்னால்தான். கிழிபட்ட புல், செத்துக் கிடக்கும் பூச்சிகள், வெயிலில் வாடிய உழவர்கள், களைத்த மாடுகள். சொந்தக்காரர் செத்ததுபோல வருந்தி, நாவல் மரத்தடியில் போய் உட்காருகிறான். துறவிகள் மண்ணைத் தோண்டக் கூடாது என்று பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயத்தில் விதியே இருக்கிறது.

சரி, தோண்டாதவர்கள் தட்டில் விழுந்த சோறு யார் தோண்டி விளைந்தது?

மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துகிறதாம், அதனால் உழவு சான்றோர் பழிக்கும் தொழிலாம். பழி முழுக்க உழுகிறவர் தலையில், சோறு எல்லோர் வயிற்றிலும். இதையும் மேடையில் சொல்லத்தான் வேண்டும்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் லேவியராகமம் இதே சங்கடத்தை வேறு மாதிரி கையாள்கிறது. ஆறு வருடம் விதை, ஏழாம் வருடம் நிலம் ஓயட்டும். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. தாய், பிள்ளை என்ற பேச்சே இல்லை. 'நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்க வந்தவர்கள்' என்று கடவுள் கறாராகச் சொல்கிறார். எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது. இவ்வளவு விடு, இத்தனை நாள் விடு என்று கணக்காகச் சொன்னால்தான் கை நிற்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் 35ஆம் மந்திரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மடத்துக்கோ கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ விளைநிலம் இருந்தால், அதில் எந்த ஓரத்தை அறுக்காமல் விடப்போகிறீர்கள் என்பதையும் அதே மேடையிலேயே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை முன்வரிசையில் கேட்கும் ஒருவர்